பீப்பாய்க்காரர் எழுதிய இரண்டு அடிகள்

சுத்தியல் எட்டு முறை விழும். ஒரு மூச்சு நிற்கும். பிறகு ஆறு முறை. ஜோத்தம் கிடர் பீப்பாயைச் சுற்றி நடந்துகொண்டே வளையத்தை இறக்குவார். மற்ற நாட்களில் அடி கண்டபடி விழும். அதை யாரும் கவனிப்பதில்லை. எட்டும் ஆறுமாக விழத் தொடங்கினால் மட்டும், எதிர்வீட்டில் மாவு பிசைந்துகொண்டிருக்கும் பெண்ணின் கை நின்றுவிடும்.

"கேட்டியா? எட்டும் ஆறுமா விழுது. யாருக்கு முடியல?"

"மில்காரர் மாமியாருக்குத்தான் ரெண்டு நாளா மூச்சு இழுக்குதாம்."

"அப்ப சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிரும். இவரு ரெண்டாவது அடிக்குப் போயிட்டாரு."

பாஸ்டனுக்கு வடக்கே ஒரு நாள் நடையில் இருக்கும் ரஷ்மியரில், அடக்கத்தின்போது ஜெபம் கிடையாது, பாட்டு கிடையாது. குழிக்கரையில் போதகர் வாய் திறக்கமாட்டார். செத்தவருக்காக மன்றாடுவது ரோமாபுரிச் சபையின் பழக்கம் என்று அதையெல்லாம் இங்கிலாந்திலேயே விட்டுவிட்டுக் கப்பலேறியவர்கள் அந்த ஊரின் பெரியவர்கள். மணி அடிக்கும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். மண்ணைத் தள்ளிவிட்டுத் திரும்புவார்கள். ஆராதனைக்கூடத்துச் சுவரிலும் ஒரு படம் இல்லை. ஜன்னலில் வண்ணக் கண்ணாடி இல்லை. கண்ணை மூடினால் ஏதாவது ஓர் உருவம் தெரியாதா என்று ஏங்குகிற மனம் அங்கே சொல்லிடம்தான் போயாக வேண்டும். அந்தச் சொல், பெட்டிமேல் போர்த்திய கறுப்புத் துணியில் குண்டூசியால் குத்திய ஒரு தாளில் இருக்கும். முப்பது வருஷமாக, சுத்தியல் அடியிலேயே அசை எண்ணி, அந்தத் தாளை எழுதிவந்தவர் ஜோத்தம்.

ஐம்பத்தாறு வயது. குட்டை ஆள், தோள் மட்டும் இரண்டு ஆளுக்குப் போதும். வாயில் எப்போதும் ஒரு ஓக் மரச் சீவல் கிடந்து மெல்லப்படும். இடது கையில் இரண்டு விரல்களை உளி கொண்டுபோயிருந்தது. "அதனாலதான் இவரு பாட்டு எட்டசைக்கு மேல போகமாட்டேங்குது, எண்ண விரல் இல்ல" என்பாள் மனைவி ஜூடித். அடக்கத்துக்கு வருகிறவர்களுக்குக் கையுறை கொடுப்பது அந்த ஊர் மரியாதை. எழுதித் தந்தவருக்கு நல்ல தோலாகப் பார்த்துக் கொடுப்பார்கள். ஜோத்தம் ஒன்றையும் போட்டுக்கொண்டதில்லை. ஒரு பெட்டி நிறைய, நூற்றுக்கும் மேலே, ஜோடி ஜோடியாகக் கிடந்தன. "எங்க வீட்டுல உசிரோட இருக்கிறவங்க கையைவிடச் செத்தவங்க கைதான் ஜாஸ்தி" என்று அதற்கும் ஜூடித் ஒன்று சொல்லி வைத்திருந்தாள்.

அவரிடம் ஊர் பயந்த பழக்கம் ஒன்று உண்டு. யாரையாவது நிறுத்தி, பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்பார். பெயரின் எழுத்துகளைக் கலைத்து அடுக்கி வேறொரு வாசகம் செய்வது இரங்கற்பாவில் ஒரு அலங்காரம். கடைசி நேரத்தில் அதற்கு அவகாசம் இருக்காது என்பதால் முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்வார். கொழுத்த மீனவன் ஒருவன் நடுத்தெருவில் கத்தினான்:

"என்னை ஏன்யா இப்பவே கலைக்கிறீங்க? நான் கல்லு மாதிரி இருக்கேன்!"

"சும்மா, தெரிஞ்சு வெச்சுக்கலாம்னு."

"தெரிஞ்சுக்கவே வேணாம். அதோ சபை மூப்பர் போறாரு, அவரைக் கேளுங்க. அவருக்குத்தான் எழுபது."

ஆனால் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் அதே மீனவர்கள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பட்டறை வாசலில் வந்து நிற்பார்கள். கடலோடு போனவனைத் துறைமுகம் சேர்ந்த கப்பல் என்று எழுதுவார். பிள்ளைப்பேறு பார்த்த கிழவியை, இருட்டில் வாசல் காட்டிய மெழுகுவர்த்தி என்று எழுதுவார். மொழியில் எந்த ஜாலமும் கிடையாது. தெருவில் போகிறவனுக்குத் தெரிந்த பொருளாகத்தான் எடுப்பார். அதற்கு அவரிடம் ஒரு விளக்கமும் இருந்தது.

"கண்ணுல பட்டதை வெச்சுத்தான் கண்ணுல படாததைச் சொல்ல முடியும். வேற வழி நமக்கு ஏது? வேதமே அப்படித்தானே பேசுது. மேய்ப்பன்னுது, குயவன்னுது, தோட்டக்காரன்னுது."

அந்தத் தாள்களை யாரும் எறிந்ததில்லை. வேதப் புத்தகத்துக்குள் வைத்தார்கள். துணிப்பெட்டியின் மூடிக்குள் ஒட்டினார்கள். ஒரு வீட்டில் தொட்டிலின் தலைமாட்டிலேயே ஒன்று இருந்தது.

மூன்று குளிர்காலத்துக்கு முன்பு, பிப்ரவரியில், தொண்டை அடைப்பான் வந்து மூன்று வாரத்தில் பதினொரு பிள்ளைகளைக் கொண்டுபோனது. மண் உறைந்து கிடந்ததால் குழி வெட்டத் தீ மூட்ட வேண்டியிருந்தது. பதினொன்றுக்கும் ஜோத்தம் எழுதினார். ஏழாவது, வலைக்காரர் ஜேபஸ் கோபர்னின் மகள் பெத்தாயா. இரண்டு வயது. அவளுக்கு எழுதியதில் இரண்டு அடி ஊருக்கே மனப்பாடமாகிவிட்டது:

*அழுத விழியே, இனி அழாதே. தோட்டத்தின் ஆண்டவர்*
*பழுத்த கனியைத்தான் பறித்தார், பச்சையை அல்ல.*

மற்ற பத்து வீட்டாரும் அதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டார்கள். பெண்கள் கிணற்றடியில் சொல்லிக்கொண்டார்கள். பெத்தாயாவின் தாய் டோர்காஸ் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் பொதுவாகவே பேசாதவள். வலை பின்னுகிற ஊசியை வாயில் கடித்துக்கொண்டு வேலை செய்கிறவள். ஆறுதல் அடைந்துவிட்டாள் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு அவளுக்கு இன்னொரு பெண் பிறந்தது. லிடியா என்று பெயரிட்டார்கள்.

இந்த வருஷம் செப்டம்பரில், அறுவடை ஞாயிறன்று, போதகர் ஷூபேல் டேன் கனிகளைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். மெலிந்த, நல்ல மனிதர். தொண்டை அடைப்பானில் அவரும் ஒரு மகளைப் பறிகொடுத்திருந்தார். பிரசங்கத்தின் மூன்றாம் மணி நேரத்தில் சற்று நிறுத்தி, "நம்ம சகோதரர் ஒருத்தர் எழுதின மாதிரி" என்று சொல்லி, அந்த இரண்டு அடியை நிதானமாகச் சொன்னார்.

ஆண்கள் பக்கத்து மூன்றாம் பலகையில் ஜோத்தமின் காது சிவந்தது. பிரசங்க மேடையிலிருந்து தன் வரி விழுவதை அவர் அதுவரை கேட்டதில்லை. வாயில் சீவல் இல்லாமலே தாடை அசைந்தது.

"பச்சை" என்றது ஒரு குரல்.

பெண்கள் பக்கத்திலிருந்து. கூடத்தில் பெண் குரல் பாட்டில் மட்டும்தான் கேட்கும். அதனால் முதலில் யாருக்கும் அது குரலாகவே படவில்லை. டோர்காஸ் எழுந்து நின்றுகொண்டிருந்தாள், இடுப்பில் குழந்தையோடு.

"அவ பச்சை, போதகரய்யா. ரெண்டு வயசு. கடைவாய்ப் பல்லுகூட வெளிய வரல. என்ன பழுத்துச்சு அவகிட்ட?"

"சகோதரி, உட்காருங்க" என்றார் மூப்பர் நெகேமியா கிராஃப்ட்ஸ்.

"என் தோட்டத்து வேலியைத் தாண்டி வந்து ஒருத்தன் பச்சைக் காயைப் பறிச்சுட்டுப் போனா, அவனை நீங்க என்னன்னு கூப்பிடுவீங்க, மூப்பரே? போன வருஷம் உங்க பேரிக்காயைப் பறிச்சவனை என்னன்னு கூப்பிட்டீங்க? திருடன்னுதானே?"

யாரோ ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்ட சத்தம் கேட்டது. தூங்குகிறவர்களைத் தட்டி எழுப்பக் கோலோடு நிற்கும் ஆள், கோலை எங்கே நீட்டுவது என்று தெரியாமல் பாதியில் பிடித்துக்கொண்டு நின்றார். ஜேபஸ் ஆண்கள் பக்கத்தில் தலையை இரண்டு கைக்கும் நடுவில் புதைத்துக்கொண்டான். கடவுளைத் திருடன் என்று ஒரு பெண் கடவுளின் கூடத்திலேயே நின்று சொல்லிவிட்டாள். அந்தக் கூரை தங்கள் மேல் விழாததே ஊர்க்காரர்களுக்கு அதிர்ச்சியாக இருந்தது.

ஜோத்தமுக்குக் காதில் ஒரு சொல்தான் திரும்பத் திரும்பக் கேட்டது. திருடன் என்பது அல்ல. பச்சை என்பது. அது அவர் எழுதிய சொல்.

திங்கட்கிழமை காலை மூப்பர் நெகேமியா பட்டறைக்கு வந்தார். கெட்ட மனிதர் அல்ல. முடிச்சு விழுந்த இடத்தில் வெட்டிவிட்டு மேலே போவது அவர் சுபாவம்.

"வியாழக்கிழமை சபை கூடுது. சகோதரி கோபர்னை விசாரிக்கணும். நீக்கிவைக்கிற அளவுக்குப் போகலாம்."

நீக்கிவைத்தால் அந்த ஊரில் அவளோடு உட்கார்ந்து யாரும் சாப்பிடமாட்டார்கள். வலை வாங்கமாட்டார்கள். அடுத்த உலகமும் போயிற்று என்பது அதற்கு மேல்.

"நான் என்ன செய்யணும்?" என்றார் ஜோத்தம்.

"ஒரு வாக்கியம் போதும். உங்க பாட்டுக்கு அந்த அர்த்தம் கிடையாது, அவங்க திரிச்சுட்டாங்கன்னு. அது வெறும் உவமை, அவ்வளவுதான்னு சொல்லுங்க."

"அப்ப அவங்களுக்கு?"

"உங்க வரி சுத்தம்னா குத்தம் அவங்க மனசுல. அவங்க மனசு சுத்தம்னா குத்தம் உங்க வரியில. ரெண்டுல ஒண்ணுதானே சகோதரரே இருக்க முடியும்? அந்த வரியைப் போதகர் மேடையில சொல்லியிருக்காரு. யோசிச்சுக்கங்க."

அவர் போனபிறகு ஜூடித் உள்ளேயிருந்து வந்தாள்.

"சொல்லிட்டு வந்துருங்க. திரிக்கத்தானே செஞ்சா? நீங்க என்ன திருடன்னா எழுதினீங்க?"

ஜோத்தம் நகல்களை வைத்திருந்த மூட்டையைப் பிரித்துப் பெத்தாயாவின் தாளைத் தேடிப் பிடித்தார். பழுத்த கனி என்று எழுதியபோது தான் என்ன நினைத்தோம் என்பதை ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும். ஏதாவது ஒரு நினைப்பு இருந்திருக்கும். இறைவன் அறியாமல் எதுவும் நடப்பதில்லை, இரண்டு வயதிலும் அவர் கண்ணுக்கு ஒரு ஆத்மா முதிர்ந்திருக்கலாம், இப்படி ஏதோ. தேடினார். கிடைக்கவில்லை. கிடைத்தது வேறு. நான்கு கானாங்கெளுத்திப் பீப்பாய்களுக்கு அடிப்பலகை போட வேண்டியிருந்த ஒரு காலை. மத்தியானத்துக்குள் தாள் வேண்டும் என்று ஜேபஸின் தம்பி வந்து நின்றது. 'அழுத' என்று தொடங்கிவிட்டு அடுத்த அடி எழும்பாமல் தவித்தது. சுத்தியல் கையில் இருக்கும்போது, சட்டென்று, 'பழுத்த'.

"ஜூடித், அன்னைக்கு நான் சாப்பிட வந்தப்போ எப்படி இருந்தேன்?"

"என்னைக்கு?"

"கோபர்ன் பிள்ளை அடக்கத்தன்னைக்கு."

அவள் யோசித்தாள். "சிரிச்சுக்கிட்டே வந்தீங்க. என்னன்னு கேட்டேன். மாட்டிக்கிச்சுன்னீங்க. மீன்தான் மாட்டியிருக்குன்னு நினைச்சேன்."

ஜோத்தம் அப்படியே ஒரு அடிப்பலகைமேல் உட்கார்ந்துவிட்டார். வாயிலிருந்த சீவலைத் துப்பினார், இன்னொன்றை எடுக்கவில்லை. முப்பது வருஷத்தில் முதல் முறையாக அவருக்குத் தன் கையைப் பார்க்கப் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை கூடம் நிறைந்துவிட்டது. மூப்பர் குற்றத்தை வாசித்தார். போதகர் டோர்காஸை எழுந்து நிற்கச் சொன்னார். அவர் குரலில் கண்டிப்பைவிடக் களைப்பு அதிகமாக இருந்தது.

"சகோதரி, ஏன் அப்படிச் சொன்னீங்க?"

டோர்காஸ் குழந்தையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"நான் அதை நம்பினேன் போதகரய்யா. அதுதான் கோளாறு. மத்தவங்க ஆறுதலுக்குச் சொல்லிக்கிட்டாங்க, நான் நம்பினேன். பழுத்ததைத்தான் எடுப்பாருன்னா அவகிட்ட ஏதோ பழுத்திருக்கணும். எதுன்னு தேடினேன். அவளோட ஒவ்வொரு நாளையும் எடுத்துப் பார்த்தேன். நோய் வர்றதுக்கு முந்தின வாரம் தன்னோட ரொட்டியைப் பாதி பிச்சு எனக்குக் கொடுத்தா. முன்னெல்லாம் கொடுக்கமாட்டா. அன்னைக்குத்தான் பழுத்துட்டாபோலன்னு தெரிஞ்சுது. நான் அந்த ரொட்டியை வாங்கித் தின்னேன். நல்ல பிள்ளைன்னு சொன்னேன். அதட்டியிருக்கணும். இன்னும் கொஞ்ச நாள் பச்சையாவே இருந்திருப்பா."

டோர்காஸ் குழந்தையைக் குனிந்து பார்த்தாள்.

"இப்ப இவ இருக்கா. சீக்கிரம் சிரிச்சா. சீக்கிரம் நடந்தா. கூப்பிட்டா வர்றா." அவள் லிடியாவின் சட்டைக் கையை மேலே தள்ளினாள். தோளிலிருந்து முழங்கைவரை சின்னச் சின்னத் தடங்கள். சில மஞ்சள், சில நீலம், இரண்டு புதியவை. "நல்லா சிரிச்சா கிள்ளிடுறேன். பழுத்துடக் கூடாதுன்னு."

மூப்பர் நெகேமியா கையிலிருந்த குற்றப் பத்திரத்தைப் பார்த்தார். அதில் எழுதியிருந்தது எதற்கும் இப்போது அர்த்தம் இல்லை. போதகர் மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அவர் மேடையிலிருந்து சொன்ன வரி அது. ஜேபஸ் எழுந்து, "டோர்காஸ்" என்றான். ஒரே வீட்டில் இருந்தும் அந்தக் கையை அவன் பார்த்ததில்லை.

ஜூடித்தான் முதலில் நகர்ந்தாள். பலகைகளுக்கு நடுவே போய் இரண்டு கையையும் நீட்டினாள். டோர்காஸ் எதிர்ப்பு எதுவும் காட்டாமல் குழந்தையைக் கொடுத்தாள். ரொம்ப நேரமாக யாராவது வாங்கிக்கொள்ளமாட்டார்களா என்று காத்திருந்தவள்போல இருந்தது.

ஜோத்தம் எழுந்து நின்றார்.

"உங்க முறை இன்னும் வரல, சகோதரரே" என்றார் மூப்பர்.

"வந்துடுச்சு. இவங்க எதையும் திரிக்கல. எழுதினதை எழுதினபடிதான் படிச்சிருக்காங்க. எழுதினவன்தான் படிக்கல."

"என்ன சொல்றீங்க?"

"அந்தப் பிள்ளையை நான் கவனிச்சுப் பார்த்ததே கிடையாது. பழுத்ததா பச்சையான்னு எனக்கு எப்படித் தெரியும்? 'அழுத'ன்னு ஆரம்பிச்சுட்டேன். அடுத்த அடிக்கு ஜோடியா ஒரு சொல் வேணும். 'பழுத்த'ன்னு வந்துச்சு. எதுகை சேர்ந்துச்சு. வெச்சுட்டேன். கர்த்தர்கிட்டேர்ந்து ஒண்ணும் வரல. வேதத்திலேர்ந்தும் வரல. எதுகைக்கு வந்துச்சு."

இதற்கு எழுந்த சத்தம் ஞாயிற்றுக்கிழமை எழுந்ததைவிடப் பெரியது. திருடன் என்பது ஒரு தாயின் வாயிலிருந்து வந்த வெறி என்று தள்ளிவிடலாம். இதை எங்கே தள்ளுவது? பத்து வீட்டு வேதப் புத்தகங்களுக்குள் அந்தத் தாள் இருந்தது.

"கர்த்தருடைய நாமத்தை எதுகைக்காகவா..." மூப்பர் முடிக்கவில்லை.

"ஆமாம். அது மட்டுமில்ல. அந்தச் சொல் மாட்டினப்போ நான் சிரிச்சேன். சந்தோஷத்துல. அங்க பெட்டியில பிள்ளை கிடக்கு, இங்க நான் சிரிச்சுக்கிட்டே சாப்பிடப் போனேன்."

டோர்காஸ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். போதகரிடம் அனுமதி கேட்காமல், நேராக அவரிடம் கேட்டாள்:

"வேற சொல் வந்திருந்தா?"

"வேற எழுதியிருப்பேன்."

"என்ன சொல்?"

ஜோத்தம் கண்ணை மூடித் திறந்தார். கேட்டதும் சொற்கள் தாமாக வந்து நின்றன, அதுதான் கொடுமை. "'விழுந்த'ன்னு வந்திருக்கலாம். அப்ப இலைன்னு எழுதியிருப்பேன். 'உழுத'ன்னு வந்திருந்தா நிலம், விதை, அப்படி ஏதாவது."

"இலை" என்றாள் டோர்காஸ். அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று நினைத்தார்கள். சிரிப்பு. "ஒரு வருஷத்துக்கு மேலா நான் என் பிள்ளையைக் கிள்ளிக்கிட்டிருக்கேன். இலைன்னு எழுதியிருந்தா கிள்ளியிருக்கமாட்டேன்."

அவள் உட்கார்ந்தாள். பலகையில் பாதியும் வெளியில் பாதியுமாக.

சபை ஒரு மணி நேரம் தனியாகப் பேசியது. போதகர் அதிகம் பேசவில்லை என்று பிறகு சொல்லிக்கொண்டார்கள். டோர்காஸை நீக்கிவைக்கவில்லை. தன் வார்த்தை பாவம் என்று ஒப்புக்கொண்டால் போதும் என்றார்கள். "திருடன்னு சொன்னது தப்பு. பச்சைன்னு சொன்னது தப்பில்ல" என்றாள் அவள். எழுத்தர் முதல் பாதியை மட்டும் எழுதிக்கொண்டார். ஜோத்தமுக்கு வசந்த காலம்வரை திருவிருந்தின் அப்பம் கிடையாது. பெட்டிமேல் இனி அவர் தாள் எதுவும் ஏறக் கூடாது. இரண்டையும் அவர் தலையசைத்து வாங்கிக்கொண்டார்.

அதோடு முடியவில்லை. அடுத்த வாரமே பட்டறை வாசலில் ஆட்கள் வந்து நிற்கத் தொடங்கினார்கள். பீப்பாய்க்கு அல்ல. ஒவ்வொருவர் கையிலும் மஞ்சள் ஏறிய ஒரு தாள்.

"என் புருஷனை நங்கூரம்னு எழுதியிருக்கீங்க. அது நிஜமா, அதுவும் எதுகையா?"

"அது நிஜம்தாம்மா. அவரு அசைஞ்சு கொடுக்கமாட்டாரு. எனக்கே தெரியும்."

"இந்த 'வெள்ளை'?"

ஜோத்தம் தாளைப் பார்த்தார். பொய் சொல்லலாமா என்று நினைத்தது முகத்தில் தெரிந்தது. "'உள்ளம்'னு மேல போட்டிருக்கேன். அதுக்கு வந்தது."

மில்காரர் தாளை அவர் காலடியில் போட்டுவிட்டுப் போனார். எழுபது தாண்டிய ஒரு விதவை, தாளை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வாசலோடு நின்றாள். "எங்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள். "எது எதுன்னு எனக்குத் தெரியவே வேணாம். அதைத்தான் சொல்லிட்டுப் போக வந்தேன்." மத்தியானங்களில் ஜோத்தம் சாப்பாட்டுக்கு வராமல் பட்டறையிலேயே உட்கார்ந்திருப்பதை ஜூடித் பார்த்தாள், அதற்கு அவளிடம் கேலி எதுவும் இல்லை.

நவம்பரில், முதல் உறைபனி விழுந்த ஒரு காலையில் டோர்காஸ் வந்தாள். லிடியாவை இறக்கிவிட்டாள். அது சீவல் குவியலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் அள்ளியது. டோர்காஸ் நான்காக மடித்த தாளை வேலைப் பலகையின்மேல் வைத்தாள். ஜோத்தம் அதைத் தொடவில்லை.

"எரிச்சிடவா?" என்று கேட்டார்.

"வேணாம். அதுல அவ பேர் இருக்கு."

ஜோத்தம் ஒரு நீளச் சீவலை எடுத்துக் குழந்தையிடம் நீட்டினார்.

"இப்பவும் கிள்ளுறியாம்மா?"

"கை போகுது. நேத்து ரொம்ப நேரம் சிரிச்சா. நான் கையை மடியில கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அவ சிரிச்சு முடிக்கிறவரைக்கும்."

"முடிச்சாளா?"

"முடிச்சா. தூங்கிட்டா."

ஜோத்தம் முப்பது வருஷத்தில் எத்தனையோ வீட்டாரிடம் பெயரின் எழுத்துகளைக் கேட்டிருக்கிறார். இதை யாரிடமும் கேட்டதில்லை என்பது கேட்கும்போதுதான் அவருக்கே தெரிந்தது.

"பெத்தாயா எப்படிம்மா இருப்பா?"

டோர்காஸ் அவரைச் சந்தேகமாகப் பார்த்தாள். "எழுதவா?"

"எழுத எனக்கு அனுமதி கிடையாது. சும்மாதான்."

"முடி செம்பட்டை. வாரவிட மாட்டா. கோழின்னு சொல்ல வராது, கோயிம்பா. கோபம் வந்தா தரையில குப்புறப் படுத்துக்குவா, யாரு தூக்கினாலும் கடிப்பா. ஜேபஸோட கட்டைவிரல்ல இன்னும் தழும்பு இருக்கு." அவள் குரல் வேகம் பிடித்தது. "பொய் சொல்லுவா. ரெண்டு வயசுல! வெல்லப்பாகை வாயெல்லாம் அப்பிக்கிட்டு, பூனை தின்னுச்சும்பா. எங்ககிட்ட பூனையே கிடையாது."

ஜோத்தம் சிரித்துவிட்டார். சட்டென்று நிறுத்தி, பயந்துபோய் அவளைப் பார்த்தார். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன உயரம் இருப்பா?"

டோர்காஸ் குனிந்து உள்ளங்கையைத் தரைக்கு மேலே விரித்துப் பிடித்தாள். பார்த்தாள். பிறகு இரண்டு விரல்கடை கீழே இறக்கினாள். அந்தக் கைக்கு நேர் கீழே பாதி முடிந்த வாளி ஒன்று இருந்தது. ஜோத்தம் எழுந்து வந்து, வளையம் போடாத பலகைகள் கலைந்துவிடாமல் அதை இரண்டு கையாலும் தூக்கி, பெத்தாயா நிற்க இடம்விட்டு, சுவரோரமாக நகர்த்தி வைத்தார்.